உவலிடு பதுக்கை

அன்புள்ள முருகேசா,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. எட்டு மாதமாக நான் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். சரி, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பைபாஸ் டீக்கடைக்கு எதிரே புளியமரம் இருக்கிறதே, அதனடியில் இரண்டு வாரமாக ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவர் பேசிய மொழி யாருக்கும் பிடிபடவில்லை. கடைக்காரர்தான் இரண்டு வேளை இட்லி கொடுத்தார். 'பரதேசி' என்றே எல்லோரும் சொன்னோம், நானும்தான். போன வாரம் இறந்துவிட்டார். 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60' என்று காகிதத்தில் எழுதினார்கள். அடக்கத்துக்கு நாங்கள் நான்கு பேர். நாய் தோண்டாமலிருக்க மேலே கல் அடுக்கினோம். கடைப் பையன் வேப்பங்கொத்து ஒடித்துப் போட்டான்.

அந்தக் கொத்து விழுந்ததும் தமிழ் ஐயாவின் குரல் காதில் கேட்டதடா. குறுந்தொகை 77.

'வெஞ்சுரத்து உலந்த வம்பலர் உவலிடு பதுக்கை
நெடுநல் யானைக்கு இடுநிழல் ஆகும்'

சுரத்தில், அதாவது வறண்ட பாலைவழியில், செத்த வழிப்போக்கர்மேல் கல்லைக் குவித்து, தழையைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தக் குவியலின் நிழலில் யானை ஒதுங்குகிறது. அன்றைக்கு மதுரை மருதன் இளநாகனார் மிகைப்படுத்துகிறார் என்று நீ வாதாடினாய். நான் இப்போது வேறுமாதிரி நினைக்கிறேன். யானைக்கு நிழல் தரும் உயரமென்றால், அந்த வழியே போனவர்கள் எத்தனை பேர் ஆளுக்கொரு கல்லும் தழையும் போட்டிருக்க வேண்டும்! இறந்தவர் யாரென்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

வம்பலர் என்ற சொல்லை விடவே முடியவில்லை. 'வம்பு நிலை இன்மை' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நிலைக்காதது, புதிதாக வந்தது. காலம் தப்பிப் பெய்த மழை 'வம்ப மாரி'. அதைக் கார்காலம் என்று நம்பிப் பூத்த கொன்றையை மடமை உடையது என்கிறது குறுந்தொகை 66. புதிதாகப் படையோடு வந்த மௌரியர், மாமூலனார் பாட்டில் 'வம்ப மோரியர்'. மழைக்கும் படைக்கும் வழிப்போக்கனுக்கும் ஒரே அடைமொழி! பரதேசி என்றால் வேறு தேசத்தான், நாடோடி என்றால் ஓரிடத்தில் தங்காதவன். வம்பலர் என்பதில் ஊரும் இல்லை, இழிவும் இல்லை. நமக்குப் புதியவர், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புதியவருக்கு நேர்ந்ததைப் பார். கலித்தொகையின் நான்காம் பாட்டில் மறவர்கள் வம்பலரைத் தொடர்ந்துபோய்க் கொல்கிறார்கள். கையில் பொருள் இல்லாவிட்டாலும் விடுவதில்லை, துள்ளித் துடிப்பதைப் பார்ப்பதற்காக! இத்தனை வருடமாக அந்த வரியைப் பாலைத்திணைக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் மாணவர்களுக்குச் சொல்லிக் கடந்திருக்கிறேன். இப்போது படிக்க நெஞ்சு நடுங்குகிறது. மரத்தடியில் கிடந்த அந்த மனிதரை யாரும் அடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் பதினான்கு நாளில் ஒருமுறைகூட நான் பக்கத்தில் போய் உட்காரவில்லை, முருகேசா.

இன்று 'வம்பு' சண்டையாகவும் ஊர்ப்பேச்சாகவும் தேய்ந்துவிட்டது. 'வம்புக்கு வராதே' என்று செல்வி அக்கா உன்னை விரட்டுவாளே, அந்த வம்பு. புதியவன் என்றாலே தொல்லை என்று நாம் நினைத்ததுதான் சொல்லையும் இப்படித் திருப்பிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நீ என்ன சொல்கிறாய்?

உ.வே.சா. பதிப்புக் குறுந்தொகை, கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கிப் போனாயே, அது எனக்கு வேண்டும். தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. அந்தக் கல்லில் ஏதாவது எழுதலாமா என்று கடைப் பையன் தினமும் கேட்கிறான். என்ன எழுதுவதென்று நீயும் வந்து சொல்.

அன்புடன்,
சண்முகம்