மரத்தின் மேல் மூன்று செடிகள்

சேலம் மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

அறிவியல் பாடவேளையில் பிள்ளைகள் கையில் விளக்கப் படங்கள் நிறைந்த அறிவியல் நூல்கள் இருக்க வேண்டும். அதைக் கேட்கவே எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது பெரிய நன்மை. கதைகள் குறையக் கூடாது. ஆனால் அறிவியல் என்று வந்தால் இன்னும் பாடநூல் ஒன்றுதான் துணை.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் வெளியிலேயே இருக்கிறதே, படம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. மாமரக் கிளையில் புல்லுருவி. காட்டோர மரத்தில் ஆர்க்கிட் என்ற பூச்செடி. மூன்றும் மரத்தின் சாற்றைக் குடிக்கின்றன என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள்; வெறும் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. உண்மையில் மிளகுக்கொடி கணுக்களில் விடும் பற்றுவேர்கள் பட்டையைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. நீரும் சத்தும் எடுக்கும் வேர் மண்ணில் இருக்கிறது. ஆர்க்கிட்டின் வேர்களைப் பஞ்சு போன்ற உறை மூடியிருக்கிறது. பட்டையில் வழியும் மழைநீரை அது உறிஞ்சிக்கொள்ளும். புல்லுருவி மட்டுமே பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாய்கள் வரை போகிறது. அதற்கும் பச்சை இலைகள் உண்டு, உணவைத் தானே தயாரிக்கிறது என்பது இன்னொரு வியப்பு. இதையெல்லாம் காட்ட மரத்தைப் பிளக்க முடியுமா? குறுக்குவெட்டாக வரைந்த ஒரே படம் காட்டிவிடும். முதலில் வெளியே போய்ப் பார்த்து ஊகிக்கட்டும், பிறகு படம், பிறகு கைலென்சுடன் மறுபடி அதே மரத்தடி. இந்த வரிசை மாறினால் படமும் மனப்பாடத்துக்குள் போய்விடும்.

ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில் அமரும் மலைப் பள்ளிகளுக்கு இது இன்னும் பொருந்தும். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை படத்தைப் படிக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதன் பக்கத்துக் குறிப்பைப் படித்துச் சொல்லும்.

நூல்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். சிலந்திக்கு ஆறு கால் வரைந்த புத்தகமும், பனிக்கரடியையும் பெங்குவினையும் ஒரே பனிப்பாறையில் நிறுத்திய புத்தகமும் பளபளப்பான தாளில் இருந்தாலும் வேண்டாம். அச்சுச் செலவு தடையென்றால், பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் நூல்களும் இருக்கின்றன; திறந்த உரிமத்தில் வந்தவை என்பதால் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

நம் மண்ணைப் பற்றிய நூல்களை நாமே உருவாக்கவும் முடியும். காப்பிப் பழத்துக்குள் தட்டையான பக்கங்கள் ஒட்டி அமர்ந்திருக்கும் இரண்டு விதைகள், உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லாக மாறும் சேலத்து மேக்னசைட் கனிமம் என்று பொருளுக்குப் பஞ்சமில்லை. எழுத ஆசிரியர்களும் வரைய ஓவிய ஆசிரியர்களும் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தாவரப் படங்களைச் சரிபார்க்க இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டிலேயே இருக்கிறது.

ஏற்காடு ஒன்றியத்துப் பள்ளிகளில் முதலில் தொடங்க அனுமதி தாருங்கள். புத்தகங்கள் பீரோவில் பூட்டப்படாமல், பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடப்பட வேண்டும் என்பதையும் அந்த ஆணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை