வானியற்பியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்காக: கொங்கு நாட்டு இயற்பியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் உங்கள் அறைக்கு வந்து, "எனக்கு அஸ்ட்ரோபிசிக்ஸ் படிக்கணுங்க" என்று நிற்பார். பெரும்பாலும் அவர் அதைச் சொல்லும் முதல் ஆளே நீங்களாகத்தான் இருப்பீர்கள். அப்போது அவருக்குக் கிடைக்க வேண்டிய பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

பட்டத்தின் பெயரில் 'வானியல்' என்ற சொல் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு படிப்பில் சேர விடாதீர்கள். குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல், மின்காந்தவியல் மூன்றும் உறுதியாக இல்லாதவருக்குக் கதிர்வீச்சுக் கடத்தல் (விண்மீன் போன்ற பொருள்களின் ஊடாக ஒளி செல்லும் விதம்) பாடம் வரும்போது மனப்பாடம் தவிர வேறு வழி இருக்காது. முனைவர் பட்டத்துக்கான ஜெஸ்ட், நெட் தேர்வுகளும் பெரும்பாலும் அடிப்படை இயற்பியலைத்தான் சோதிக்கின்றன. வானியல் விருப்பப் பாடமும் ஓராண்டு ஆய்வுத் திட்டமும் உள்ள நல்ல எம்.எஸ்சி. இயற்பியல், பெயருக்கு வானியல் நடத்தும் படிப்பைவிடப் பல மடங்கு மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எது நல்ல படிப்பு என்று அறிய விளம்பரக் கையேடு உதவாது. பழைய வினாத்தாளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். "விண்மீன்களின் வகைகளை விவரி" என்பது போன்ற கேள்விகளாகவே இருந்தால் அங்கே நடப்பது செய்தி வாசிப்பு. சூரியனின் நிறையையும் ஆரத்தையும் கொடுத்து, நீர்நிலைச் சமநிலையிலிருந்து (ஈர்ப்பும் அழுத்தமும் சமன்படும் நிலை) மைய அழுத்தத்துக்குக் கீழ்வரம்பு காணச் சொன்னால் அங்கே இயற்பியல் நடக்கிறது. அந்தக் கணக்கை முடித்தால் சுமார் 44 கோடி வளிமண்டல அழுத்தம் வரும். உண்மையான மதிப்பு அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. ஏன் இவ்வளவு வேறுபாடு என்று அடுத்த கேள்வி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

பிறகு, இரண்டாமாண்டு ஆய்வேட்டை யார் வழிநடத்துகிறார் என்று கேட்க வேண்டும். வானியலில் தொடர்ந்து ஆய்வு செய்யும் ஆசிரியர் இரண்டு மூன்று பேராவது வேண்டும். ஒருவரே இருந்து அவரும் மாறிப் போனால் மாணவர் நடுவழியில் நிற்பார். வளாகத்தில் பெரிய தொலைநோக்கி இருப்பதைவிட, சிசிடி (தொலைநோக்கியின் மின்னணுக் கேமரா) படத்தின் மூலக் கோப்பை மாணவரே எடுத்து, பயஸ் (கருவியின் அடிப்படை அளவு) கழித்து, ஃபிளாட்டால் (சீரான ஒளியில் எடுத்த படம்) வகுத்து, ஒளியளவு கண்டு, பிழை எவ்வளவு என்று எழுதும் ஆய்வகப் பாடம் இருப்பது முக்கியம்.

இந்தியாவில் பெயரிலேயே வானியல் உள்ள முதுநிலைப் படிப்புகள் குறைவு. இந்தூர் ஐஐடியில் ஜாம் (எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐஐடிகளின் நுழைவுத் தேர்வு) இயற்பியல் மதிப்பெண் வழியாக எம்.எஸ்சி. வானியல் உண்டு. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் வானியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியல் கற்பிக்கும் ஐஐஎஸ்டியிலும் ஒன்று உண்டு. அதற்கு வெறும் பி.எஸ்சி. போதுமா என்பதை அந்த ஆண்டின் தகுதி விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு ஐஐஎஸ்சி போன்ற இடங்களின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பைப் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படுவதில்லை. பி.எஸ்சி. முடித்து நேரே நுழையலாம், படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு.

ஜாம் தேர்வில் நம் பிள்ளைகள் சறுக்குவது பாடத்தில் மட்டுமல்ல, நாள்காட்டியிலும்தான். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறந்து அக்டோபரில் முடிந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். ஐந்தாம் பருவத்தில் தெரியாதவருக்கு ஓராண்டு போய்விடும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடை தெரிவு செய்யும் 30 கேள்விகளில் மட்டும் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். எண்ணாக விடை தரும் 20 கேள்விகளுக்குக் கழிவே இல்லை. நம் மாணவர்கள் அவற்றைத்தான் காலியாக விட்டு வருகிறார்கள். தாள் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால், தமிழ்வழி மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே வாரம் ஒரு பழைய தாளைக் கொடுத்துப் பழக்குங்கள்.

வெளிநாடு என்று கேட்கும் பிள்ளைக்குச் செலவை முழுதாகச் சொல்லுங்கள். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் வானியற்பியல் முதுநிலை இருக்கிறது, கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும். ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டி, மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். 2024 செப்டம்பரில் வந்த இந்தத் தொகை அவ்வப்போது மாறும். ஜெர்மனியின் இன்னொரு பல்கலைக்கழக நகரான ஹைடல்பர்க் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணமும் உண்டு. தோட்டத்தை அடமானம் வைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு முதல் நாளே தெரிய வேண்டும்.

"இதைப் படிச்சுப்போட்டு என்ன வேலைக்குங்க போறது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஆய்வு நிறுவனத்தில் நிலையான வேலைக்கு முனைவர் பட்டம் கட்டாயம். அது இன்னும் ஐந்தாறு ஆண்டு. ஆனால் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: ஊரிலேயே அரசுப் பள்ளி ஆசிரியராகவோ கல்லூரி ஆசிரியராகவோ ஆகும் எண்ணம் இருந்தால், எம்.எஸ்சி. வானியல் பட்டத்தை எம்.எஸ்சி. இயற்பியலுக்கு இணையாக ஏற்கும் அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்க்க வேண்டும். படித்து முடித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நின்ற பிறகு தெரிந்தால் பயனில்லை.

துறை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் முத்தோரையில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இலிருந்து இயங்குகிறது. அது நிற்கும் மலைச்சரிவு சுமார் 11 பாகை. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது; ஒரே அச்சில் சுழற்றியே ஒரு வான்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது. முன் அனுமதி வாங்கி மாணவர்களை அழைத்துச் சென்று, அந்தச் சரிவை அவர்களே அளக்கச் செய்யுங்கள்.

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு இணையத்திலிருந்து எடுத்த அறிக்கை வேண்டாம். விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த கையா விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் இலவசம். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எடுத்து, பேரலாக்ஸ் (தொலைவைக் காட்டும் இடமாறு கோணம்) 7.4 மில்லிஆர்க்செகண்ட் அருகில் உள்ளவற்றைப் பிரித்து, நிறத்துக்கும் ஒளிர்வுக்கும் வரைபடம் போடச் சொல்லுங்கள். பேரலாக்ஸை மட்டும் நம்பினால் அதே தொலைவில் உள்ள அயல் விண்மீன்களும் கலந்து படம் குழம்பும். வானில் நகரும் வேகத்தையும் சேர்த்து வடிகட்டினால்தான் கூட்டத்தின் வரிசை தெளியும். ஒரு மடிக்கணினியும் பைத்தானும் போதும். இதைச் செய்து, வடிகட்டிய எல்லைகளுக்குக் காரணமும் எழுதிய மாணவருக்கு நீங்கள் தரும் பரிந்துரைக் கடிதத்தில் எழுத விஷயம் இருக்கும்.

வரும் ஜூலையில் ஐந்தாம் பருவம் தொடங்கும் முதல் வாரத்திலேயே, ஜாம் தேதிகளையும் இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதெமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கான அறிவிப்பையும் துறைப் பலகையில் ஒட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வானியல் கற்பிக்கும் கொங்கு நாட்டு ஆசிரியர்கள் சிலர்