பட்டனை அழுத்துறதுதாங்க வியாதியே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல காம்பவுண்ட் வில், அதாவது ரெண்டு முனையிலயும் சக்கரம் வெச்ச வில் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, அதுக்கு முதல்ல நன்றி. கிரிக்கெட் சீசன்ல வில்லுக்கு அரைப்பக்கம் கெடைக்கறதே பெரிய விஷயம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியை சேத்ததையும், 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல காம்பவுண்டுக்கு இருந்த 5 தங்கத்தையும் நம்மாளுங்களே அள்ளிட்டு வந்ததையும் கரெக்டா எழுதியிருந்தீங்க. ஏகலைவன்ல ஆரம்பிச்சீங்க, அதுவும் பரவால்ல, வில்லுன்னா எல்லாரும் அங்கதான் போய் நிப்பாங்க. ஆனா நடுவுல ஒரு வரி வந்துச்சு பாருங்க, நாணை விரலுக்குப் பதிலா புடிச்சு இழுத்து விடுற ரிலீஸ் கருவியில இருக்குற பட்டனை கட்டைவிரல்ல அழுத்தினா போதும் அம்பு பாய்ஞ்சிரும்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

நான் பெரிய பிளேயரெல்லாம் இல்லைங்க. கோயம்புத்தூர்ல ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கேன், வயசு 43, காலைல ரெண்டு மணி நேரம் கிரவுண்டுல அம்பு விடுறது ஒன்னுதான் எனக்கு இருக்குற கெட்ட பழக்கம். அஞ்சு வருஷம் மணிக்கட்டுல பெல்ட் கட்டி ஆள்காட்டி விரல்ல இழுக்குற ரிலீஸ்தான் வெச்சிருந்தேன். துப்பாக்கி டிரிகர் மாதிரியேதான் இருக்கும், புதுசா வர்ற யாருக்கும் சட்டுனு பிடிபட்டுரும், கையில கட்டியிருக்கறதால கீழ விழாது, தொலையாது. அதைக் குறை சொல்லவே மாட்டேன், 720-க்கு 670 வரைக்கும் நான் அதுலதான் போட்டேன்.

அப்புறம்தான் வந்துச்சு டார்கெட் பேனிக். இதைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வார்த்தை இல்லை, ஆனா காம்பவுண்ட் ஆடறவங்க யாரைக் கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. 50 மீட்டர்ல பத்துப் பாயின்ட் வட்டம் வெறும் 8 சென்டிமீட்டர், ஒரு டீ கிளாஸ் வாய் அகலம்னு வெச்சுக்கங்க. வில்லுல குறி பாக்கற ஸைட்டு டார்கெட் நடுவுல இருக்குற அந்த மஞ்சள் மேல போய் தொட்டுச்சுன்னா போதும், மூளை "இப்போ இப்போ"ன்னு கத்தும், விரல் நம்மளைக் கேக்காமயே வெடுக்குனு இழுத்துரும், கையோட வில்லும் ஆடும், அம்பு ஏழுல போய் குத்தும். சில பேருக்கு உல்டாவா இருக்கும், ஸைட் மஞ்சளுக்கு கீழயே மாட்டிக்கும், மேல ஏத்தவே முடியாது. எனக்கு முதல் வகை. ஆறு மாசத்துல 640-க்கு இறங்கிட்டேன், ராத்திரி தூக்கத்துல கூட விரல் இழுக்குதுன்னு வீட்டுக்காரம்மா சொல்லுச்சு.

அதனாலதான் கட்டைவிரல் ரிலீஸுக்கு மாறினேன். அதாவது பட்டனை அழுத்துறதை நிறுத்தறதுக்காக பட்டன் இருக்குற ரிலீஸுக்கு மாறினேன், கேக்கவே கோமாளித்தனமா இருக்குல்ல?

விஷயம் இதாங்க. கட்டைவிரல் ரிலீஸை மூனு விரல் இல்ல நாலு விரல்ல கொக்கி மாதிரி புடிக்கணும். முழுசா இழுத்து ஆங்கர், அதாவது கை தாடையில வந்து நிக்கற எடம், வந்தப்புறம் கட்டைவிரலை அந்த பட்டன் மேல சும்மா சுத்தி வெக்கறோம், விரல் நுனியில இல்ல, நல்லா உள்ள தள்ளி. அதுக்கப்புறம் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. தோள்பட்டை எலும்பை முதுகெலும்பு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கணும், முழங்கை பின்னாடி போகப் போக கை தானா இறுகி பட்டன் மேல பாரம் ஏறும், எப்ப விடுதுன்னு நமக்கே தெரியாம விட்டுரும். விடுறது வில்லாளி இல்ல, முதுகு. அதுக்கு பட்டனோட ஸ்பிரிங்கை கொஞ்சம் கட்டியா வெக்கணும். நம்ம பசங்க என்ன பண்றாங்கன்னா, புதுசு வாங்குன அன்னைக்கே ஸ்குரூவை லூஸ் பண்ணி தொட்டாவே வெடிக்கற மாதிரி வெச்சுக்கறாங்க, அப்ப பழைய வியாதி விரலை மாத்திக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கும், அவ்வளவுதான்.

நானும் முதல் வாரம் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். இழுக்கும்போதே கட்டைவிரலை பட்டன் மேல வெச்சுட்டேன். என் வில்லு 50 பவுண்டு, கிட்டத்தட்ட 23 கிலோ. காம்பவுண்டுல கடைசில பாரம் குறைஞ்சு பத்துப் பன்னெண்டு பவுண்டுதான் கையில நிக்கும், ஆனா அங்க போய் சேர்ற வரைக்கும் முழுப் பாரமும் விரல்லதான். பாதி வழியில படக்குனு விட்டுருச்சு, அம்பு டார்கெட்டுக்கு மேல தாண்டி மண் மேட்டுல சொருகிடுச்சு, என் கை என் வாயிலயே குத்துச்சு. உதடு வீங்கிப்போய் பட்டறைக்குப் போனா பசங்க யாரு கூடண்ணே சண்டைன்னு கேக்கறாங்க. அன்னையிலிருந்து இழுக்கும்போது கட்டைவிரல் பட்டனுக்குப் பின்னாடிதான், ஆங்கர் வந்தப்புறம்தான் முன்னாடி வரும். பின்னாடி மண் மேடு இல்லாத எடத்துல தயவு செஞ்சு யாரும் இதைப் பழகாதீங்க.

இன்னொன்னு, ரிலீஸ் மாறினா வில்லும் மாறணும், இதை கடைக்காரங்க சொல்றதில்லை. முன்னாடி ஆள்காட்டி விரல் மூட்டு காதுக்கு கீழ வந்து நிக்கும். இப்ப உள்ளங்கை வெளிப்பக்கம் பாக்கற மாதிரி கை திரும்பி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல தாடை எலும்பு வந்து உக்காருது. கொக்கிக்கும் கைக்கும் இருக்குற தூரம் வேற, அதனால முழங்கை போய் நிக்கற எடமும் வேற. குறி பாக்கறதுக்காக நாணுல கட்டியிருக்குற பீப்ங்கற ஓட்டை கண்ணுக்கு நேரா வராது. நான் ஒரு மாசம் கழுத்தை வளைச்சு வளைச்சு பாத்துட்டு, ஸைட்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அதைப் போட்டு திருகிட்டிருந்தேன். கடைசில சேலத்துல பௌ பிரெஸ், அதாவது வில்லை அமுக்கி நாணைத் தளர்த்துற மெஷின் வெச்சிருக்குற நண்பர்தான், நீ வில்லுக்கு தலையைக் கொண்டு போற, வில்லுல்ல உன் தலைக்கு வரணும்னு திட்டிட்டு, பீப்பை 4 மில்லிமீட்டர் நகத்தி, ரிலீஸ் கொக்கியை மாட்டற டி லூப்ங்கற கயித்து வளையத்தை சின்னதாக் கட்டிக் குடுத்தாரு. பிரெஸ் எங்க ஊரு கிரவுண்டுல கெடையாது, அதுக்காக ஒருநாள் பட்டறையை மூடிட்டுப் போனேன்.

மார்க்கு ஏறுச்சான்னு கேப்பீங்க. முதல்ல 610-க்கு விழுந்துச்சு. அப்புறம் டார்கெட் பேப்பரையே கழட்டி வீசிட்டு, நாலு மீட்டர்ல அம்பு குத்தற வெறும் பட்ரஸ் மெத்தை முன்னாடி நின்னு கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு மாசம் விட்டேன். வீட்டுல டிவி பாக்கும்போது என் இழுப்பு அளவுக்கு ஒரு நைலான் கயித்தை வளையமாக் கட்டி, ஒரு கையில வில்லைப் புடிக்கற மாதிரி புடிச்சுக்கிட்டு மறு கையில ரிலீஸை மாட்டி இழுத்துப் பழகினேன், செலவு பத்து ரூபா. எட்டு மாசம் கழிச்சு 672. ஆனா போன மாசம் ஒரு லோக்கல் மேட்ச்ல கடைசி மூனு அம்புக்கு பழைய பேனிக் எட்டிப் பாத்துச்சு, அதையும் சொல்லிர்றேன், கருவி மாத்தினா வியாதி ஒரேடியாப் போயிரும்னு நம்பி யாரும் காசை விட வேண்டாம்.

ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, உங்க கட்டுரை வந்த மறுநாளே ரெண்டு அப்பாக்கள் கிரவுண்டுக்கு வந்து, பதினோரு வயசுப் புள்ளைங்களுக்கு நேரா கட்டைவிரல் ரிலீஸ் வாங்கலாமா, பட்டன் ஈஸின்னு பேப்பர்ல போட்டிருந்துச்சேன்னு கேட்டாங்க. சின்னப் புள்ளைங்க விரலுக்கு அந்தப் பாரம் நிக்காது, இழுக்கும்போதே வழுக்கும், என் உதடு வீங்குன கதையைச் சொல்லித்தான் புரிய வெச்சேன். அந்த வயசுக்கு மணிக்கட்டு பெல்ட்டே போதும், விரலை வெடுக்குனு இழுக்காம முதுகால விடக் கத்துக்கட்டும், அப்புறம் எதுக்கு வேணா மாறிக்கலாம்.

முடிஞ்சா அந்த வரியை மட்டும் அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்க. எழுதின ரிப்போர்ட்டர் தம்பியை ஒருநாள் காலைல ஆறரைக்கு கிரவுண்டுக்கு அனுப்புங்க, ரிலீஸும் கயிறும் நான் கொண்டு வர்றேன், அவரே அழுத்திப் பாக்கட்டும், அழுத்தாமயும் பாக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர்,
கோயம்புத்தூர்