அபத்தம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த அபத்தவாதக் கட்டுரை, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவை ‘எதிலும் அர்த்தமில்லை என்றவர்’ என்று முடித்துவிட்டது. 1942இல் வெளியான அவருடைய ‘சிசிபஸின் தொன்மம்’ என்ற நூல் சொல்வது வேறு. (சிசிபஸ், கிரேக்கத் தொன்மத்தில் ஒரு பாறையை ஓயாமல் மலையுச்சிக்கு உருட்டும்படி தண்டிக்கப்பட்டவன்; ஒவ்வொரு முறையும் அது கீழே உருண்டுவிடும்.) அபத்தம் உலகத்திலும் இல்லை, மனிதனிடத்திலும் இல்லை. விளக்கம் கேட்கும் மனமும் வாய் திறக்காத உலகமும் மோதும் இடத்தில் பிறக்கிறது. தற்கொலை, கேள்வி கேட்பவனையே நீக்கிவிடுகிறது. டேனிஷ் தத்துவவாதி கீர்க்கேகார்டின் விசுவாசப் பாய்ச்சல், அதாவது பகுத்தறிவைத் தாண்டிக் கடவுளை நம்பிவிடுவது, கேள்வியை விழுங்கிவிடுகிறது. இரண்டையும் மறுத்து, விடை வராது என்று தெரிந்தே கேள்வியை விடாதிருப்பதைத்தான் அவர் கலகம் என்றார்.

‘சிசிபஸ் மகிழ்ச்சியாக இருப்பதாகவே நாம் கற்பனை செய்ய வேண்டும்’ என்ற கடைசி வரியையே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள் (கட்டுரையாளர் மட்டுமல்ல). காம்யுவின் கண் நிற்பதோ, பாறை உருண்டோடிய பின் சிசிபஸ் வெறுங்கையோடு இறங்கி வரும் நடையில். இன்னொன்று: இருத்தலியல்வாதி (மனிதன் தன் வாழ்வின் அர்த்தத்தைத் தானே உருவாக்குகிறான் என்பவர்) என்ற முத்திரையை 1945லேயே அவர் மறுத்துவிட்டார்.

— வாசகர், திருச்சி