‘சைபர்’ என்ற பெயரைப் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வரும் ஜனவரியில், பாடத்தின் பெயரில் ‘சைபர்’ (இணையப் பாதுகாப்பு) இருக்கிறதா என்று பார்த்தே பல குடும்பங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முதலாண்டில் நெட்வொர்க் பாடம் எவ்வளவு, அதில் மாணவர் தம் கையால் சுவிட்சையும் (ஒரு நெட்வொர்க்கின் கணினிகளை இணைக்கும் கருவி) ரௌட்டரையும் (நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி) அமைக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு.

ஏன் கேட்க வேண்டும்? ஒரு சாதாரணப் பயிற்சியைப் பாருங்கள். அலுவலகக் கணக்குப் பிரிவுக்கு ஒரு வி-லான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), விருந்தினர் வைஃபைக்கு இன்னொன்று. பிரித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று மாணவர் நினைப்பார். ஆனால் நெட்வொர்க்குகளுக்கு இடையே தரவை அனுப்பவும் வல்ல லேயர் 3 சுவிட்சில் அந்த ரௌட்டிங் வேலையைத் தொடங்கியதுமே விருந்தினர் மடிக்கணினியிலிருந்து கணக்குப் பிரிவு சர்வருக்கு ‘பிங்’ என்ற சோதனைச் செய்தி போய்விடும். தடுக்க ‘ஆக்செஸ் லிஸ்ட்’ என்ற அனுமதி-மறுப்பு விதிப் பட்டியலை எழுத வேண்டும். சுவிட்ச் அதை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நிறுத்திவிடும். எல்லாவற்றையும் அனுமதிக்கும் வரி மேலே இருந்தால் கீழே உள்ள தடைகள் வீண். பட்டியலின் முடிவில், எழுதாமலேயே எல்லாவற்றையும் மறுக்கும் விதி ஒன்று உண்டு. அதை மறந்தால் கணினி தனக்கு முகவரி கேட்கும் டிஎச்சிபி கோரிக்கையும் தடைபடும். விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொண்டு நிற்கும். இதை, நெட்வொர்க்கில் செல்லும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்துக் காரணம் சொல்லத் தெரியாதவருக்கு நெட்வொர்க் தடுப்பரணான ஃபயர்வாலின் விதிகள் வெறும் மனப்பாடம்தான்.

2018ல் சிங்ஹெல்த் பொது மருத்துவமனைக் குழுமத்தில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. தாக்கியவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனாலும் விசாரணைக் குழு சுட்டிய குறைகளில் எளிதில் ஊகிக்கக்கூடிய நிர்வாகக் கடவுச்சொல்லும், ஊழியர்கள் தொலைவிலிருந்து மென்பொருளைப் பயன்படுத்த உதவும் சிட்ரிக்ஸ் சர்வர்களுக்கும் மருத்துவத் தரவுத்தளத்துக்கும் இடையே திறந்திருந்த இணைப்பும் இருந்தன. இரண்டும் அடிப்படைப் பாடங்களே.

நெட்வொர்க்கைக் கணினித் திரையில் பாவனையாக அமைக்கும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், தொடங்குவதற்கு நல்லது. ஆனால் உள்ளே பழுதான கம்பியை அதில் சந்திக்க முடியாது. சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்திவிட்டு ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிப் பார்க்கும் சோதனையை உண்மையான சுவிட்சில்தான் செய்ய வேண்டும். ஈதர்நெட் ஃபிரேம் எனும் தரவுத் துண்டுக்கு ஆயுள் வரம்பு இல்லாததால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், நெட்வொர்க் முழுவதும் திணறும்.

வீட்டில் ஊடுருவல் சோதனைக் கருவிகள் கொண்ட காளி லினக்ஸை நிறுவும் மாணவர்கள் சொந்த மெய்நிகர் கணினிகளைத் தாண்டக் கூடாது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்தால், முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ நெட்வொர்க் சான்றிதழுக்காக மட்டும் பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். அது மூன்றாண்டே செல்லும்.

கல்லூரிகள் தங்கள் தகவல் கையேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆய்வுக்கூட நேரத்தையும், ஒரு சுவிட்சை எத்தனை மாணவர் பகிர்கிறார்கள் என்பதையும் அச்சிட வேண்டும்.

வாசகர்,
உட்லண்ட்ஸ்