ஐந்து சொட்டுக்கு முப்பது வருஷம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 முடிவு வந்ததிலிருந்து உங்கள் பேப்பரில் 'அடுத்து என்ன படிக்கலாம்' பக்கத்தை விடாமல் பார்க்கிறேன். இன்ஜினியரிங்குக்கு நாலு நாள் ஒதுக்கினீர்கள், சரி. தடுப்பு மருந்து ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு பத்தி, அதிலும் பாதி இடம் வெள்ளைக் கோட்டுப் படம்.

பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பத்தியை வெட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தடைக்காலம் என்பதால் அவள் அப்பா கடலுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "சம்பளம் எப்ப வரும்னு அத்தைகிட்ட கேளு" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து 2017இல் நம் மாநிலத்துக்கு வந்தபோது, கருவாடு காயப்போடுகிற இடத்திலேயே சேலைத் தொட்டில் கட்டியிருக்கும் தாய்மாரிடம் ஐஸ் உருகுவதற்குள் மருந்துக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய் 6, 10, 14ஆவது வாரங்களில் தலா ஐந்து சொட்டு விட்டவள். பாதிக் குழந்தைகள் துப்பப் பார்க்கும், அது வேறு கதை. வயிற்றுப்போக்கில் கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்களுக்குத்தான் அந்த ஐந்து சொட்டின் அருமை தெரியும்.

அந்தச் சொட்டின் கதையைத்தான் அவளுக்குச் சொன்னேன். 1985-86 வாக்கில் டெல்லி எய்ம்ஸில் பச்சைக் குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸ் கிடைத்தது, ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கே இல்லை. நோய் தராத அந்த வைரஸையே தடுப்பு மருந்தாக்கலாம் என்று எம்.கே. பான் என்ற குழந்தை மருத்துவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார். மருந்தாகி அரசுத் திட்டத்தில் சேர்ந்தபோது வருஷம் 2016! நடுவில் வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் என்ற பெண் மருத்துவரின் குழுவினர் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை வீடு தேடிப் போய்ப் பார்த்து, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். அந்த அம்மாள்தான் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி. இவ்வளவுக்கும் அந்த மருந்து, முதல் வருஷத்தில் ரோட்டாவால் வரும் கடும் வயிற்றுப்போக்கில் பாதிக்குச் சற்று மேல்தான் தடுத்தது. இதையும் மறைக்காமல் சொன்னேன்.

அப்புறம் சம்பளம். பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று ஐந்து வருஷம் வீட்டுக் காசு. பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 முதல். "அஞ்சு தடைக்காலம் தள்ளணும்" என்று அவள் அப்பா வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவளோ, "மாதிரி எடுக்கப் போறப்ப வீட்டுக்காரங்க விடுவாங்களா அத்தை?" என்று கேட்டாள்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் போடுங்கள் ஐயா. படம் சின்னதாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்