தரையிலேயே படுத்துக்கொள்: பிக்கப் வாங்கிய தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பிக்கப்பின் பின்தொட்டியில் நீங்கள் இருவரும் தூங்கப் படுக்கை கட்ட நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. 2018 ஃபோர்டு எஃப்-150, நான்கு கதவு, ஆறரை அடி பின்தொட்டி. நல்ல வண்டி. கேம்பர் ஷெல் (பின்தொட்டியை மேலே மூடும் சன்னல் வைத்த ஃபைபர்கிளாஸ் கூடு) இன்னும் வாங்கவில்லை, மரமும் அறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் உடனே எழுதுகிறேன். அந்த வரைபடத்தை அப்படியே கட்டாதே.

நீ போட்டிருக்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 12 அங்குல உயரத்தில் இரண்டு நீள இழுப்பறைகள், அதன் மேல் முக்கால் அங்குலப் பிளைவுட், அதற்கு மேல் 4 அங்குல மெத்தை. மொத்தம் 16¾ அங்குலம். உன் பின்தொட்டியின் ஆழம் 21.4 அங்குலம். வண்டிக்கூரை மட்டத்துக்கு வரும் ஷெல் அதற்கு மேல் நடுவில் 20 அங்குலம் அளவுக்குத் தரும். ஆக, தரையிலிருந்து கூரை வரை 41 அங்குலம். மெத்தை போக உனக்கு மிச்சம் 24. ஐந்தடி பத்து உயரமுள்ள ஆள் நிமிர்ந்து உட்கார 36 அங்குலமாவது வேண்டும். 24 அங்குலத்தில் சட்டை மாற்றக்கூடப் படுத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும். மழை பிடித்து நான்கு மணி நேரம் உள்ளேயே இருக்க நேர்ந்தால் உன் மனைவி அடுத்த பயணத்துக்கு வரமாட்டாள்.

இழுப்பறைக்கு வேறு குறைகளும் உண்டு. இழுப்பறை சறுக்க நல்ல கனத்த தண்டவாளம் போட்டுச் செய்தால் 200 பவுண்டைத் தாண்டும். மண்பாதைப் புழுதி தண்டவாளத்தில் ஏறிச் சிக்கும். முழு நீள இழுப்பறையை வெளியே இழுக்க வண்டிக்குப் பின்னால் ஆறடி காலியிடம் வேண்டும். மரத்தை ஒட்டி நிறுத்தினால் திறக்காது. இழுப்பறைகள் அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. கருவிகளோடு திரியும் தொழிலாளிக்கு அவை சரி. இரண்டு பேர் தூங்கப் போகிற வண்டிக்குச் சரியில்லை.

உன்னிடம் நான்கு கதவு வண்டி இருக்கிறது, பின் இருக்கையில் யாரும் உட்காரப் போவதில்லை. துணிப்பை, உணவுப் பெட்டி, 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் அங்கே போகட்டும். பின்தொட்டி படுக்கைக்கு மட்டும். இப்படிப் பிரித்துவிட்டால் நீ இழுப்பறையில் வைக்க நினைத்த பாதிப் பொருளுக்கு இடம் கிடைத்துவிடும்.

இனி தரை. எஃப்-150இல் இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவே 50.6 அங்குலம். கடையில் விற்கும் பிளைவுட் பலகை 48 அங்குல அகலம், 96 அங்குல நீளம். அகலத்தில் அறுக்கவே வேண்டாம், அப்படியே இறங்கும். தொட்டி நீளம் 78.9 அங்குலம், அதனால் பலகையை 77இல் வெட்டு.

அடியில் 1 அங்குல எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை (இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் கிடைக்கும் கெட்டி ரகம், வெள்ளை மணி மணியாக உதிரும் ரகம் வேண்டாம்). அலுமினியத் தரை குளிரை நேராக முதுகுக்குக் கொண்டுவரும். இந்த ஓர் அங்குலம் ஆர்-5 அளவு தடுக்கும் (ஆர் என்பது வெப்பம் கடக்காமல் தடுக்கும் திறனின் அளவு). தொட்டித் தரையில் இருக்கும் நீள வரிப்பள்ளங்களை நுரையால் அடைக்காதே. நுரைப்பலகை அவற்றின் மேல் பாலம்போலக் கிடக்கட்டும், கசியும் தண்ணீர் அடியில் ஓடி வெளியேற வழி வேண்டும்.

அதன் மேல் அரை அங்குலப் பிளைவுட், ஒரே ஒரு பலகை போதும். 77×48 துண்டை நடுவில் வெட்டி இரண்டாக்கு, தூக்கித் துடைக்க வசதி. ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 1 அங்குலத் துளை போடு. துளையெல்லாம் போட்ட பிறகு இரு பக்கமும் பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு பூச்சு, வெட்டுமுனைகளுக்கும் துளை விளிம்புகளுக்கும் மூன்று. பிளைவுட் கெடுவது முனையில்தான் ஆரம்பிக்கும்.

77 போக மிஞ்சும் 19×48 துண்டைத் தூக்கிப் போடாதே. அதிலிருந்து 7 அங்குல அகலத்தில் இரண்டு, 2 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் வரும், ரம்பம் தின்னும் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சக்கர மேட்டின் உள்விளிம்பிலிருந்து தொட்டிச் சுவர் வரை பக்கத்துக்கு 7 அங்குலம் சும்மா கிடக்கிறது. ஏழு அங்குலப் பட்டை மேட்டின் மேல் அலமாரித் தட்டு, இரண்டு அங்குலப் பட்டை பொருள் உருளாமல் தடுக்கும் விளிம்பு. முன் முனையில் சக்கர மேட்டின் உயரத்துக்கு ஒரு 2×4 கால் (பெயர்தான் 2×4, உண்மையில் 1½×3½ அங்குலம்). மேடும் தட்டும் உரசும் இடத்தில் ரப்பர் பட்டை. டார்ச், கண்ணாடி, தண்ணீர்ப் புட்டி, புத்தகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும்.

தொட்டியில் துளை போடாதே என்று அழுத்திச் சொல்கிறேன். 2015 மாடல் முதல் வந்த எஃப்-150இன் உடல் அலுமினியம். வெறும் எஃகு ஆணி அதில் இறங்கி ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். தட்டையும் தரைப் பலகையையும் தொட்டியின் மூலைகளில் இருக்கும் கட்டு வளையங்களோடு பட்டை போட்டு இறுக்கினால் போதும். காந்தக் கொக்கி, காந்தக் கொசுவலை வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடு. அலுமினியத்திலும் ஃபைபர்கிளாஸிலும் காந்தம் ஒட்டாது.

மெத்தைக்கு 3 அங்குல அடர்ந்த நுரை, 48×76. எல்லாம் சேர்ந்து 4½ அங்குலம். கூரைக்கு 36½ மிச்சம். நடுவில் நிமிர்ந்து உட்காரலாம், ஓரத்தில் தலை குனிய வேண்டும். 48 அங்குல அகலம் இரண்டு பேருக்கு நெருக்கம்தான், அதைச் சகித்துக்கொள்ளலாம். மேடை போட்டு 60 அங்குல அகலம் பெற்றுத் தலையை இடித்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஈரம். கேம்பர் ஷெல்லில் தூங்குகிறவர்களை விரட்டுவது குளிரைவிட இதுதான். ஒரு ஆளின் மூச்சிலும் தோலிலுமிருந்து ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. இரண்டு பேருக்கு அரை லிட்டர். அது குளிர்ந்த ஃபைபர்கிளாஸ் கூரையிலும் சன்னல் சட்டத்திலும் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். குளிர்கிறதே என்று எல்லாவற்றையும் மூடினால் இன்னும் மோசமாகும். எதிரெதிர்ப் பக்கச் சன்னல்கள் இரண்டையும் அரை அங்குலமாவது திறந்து வை, மழையிலும். அதற்கு வெளியே மழைத்தடுப்புப் பட்டை ஒட்டிக்கொள். ஒரு சிறிய 12 வோல்ட் விசிறி ஒரு சன்னலை நோக்கிக் காற்றைத் தள்ளட்டும். குளிருக்குப் போர்வையைக் கூட்டு, காற்றைக் குறைக்காதே.

மெத்தைக்கு அடியிலும் இதே கதை. உடம்புச் சூட்டில் இறங்கும் ஆவி குளிர்ந்த பலகையில் பட்டு நீராகும், விட்டுவிட்டால் கரும்பூஞ்சை பிடிக்கும். பலகையில் துளை போடச் சொன்னது இதைக் கொஞ்சமாவது குறைக்கத்தான். படகுகளில் மெத்தைக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் இழை வலைப்பாய் ஒன்று கிடைக்கிறது, முக்கால் அங்குல உயரம்; கடலோரத்தில் அதிகம் தங்குவாயானால் அதையும் போடு. எப்படியிருந்தாலும் காலையில் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வை.

வெள்ளிநிறக் குமிழ்ப்படலத்தைச் சன்னல் அளவுக்கு வெட்டிச் செருகலாம். வெயிலுக்கும் மறைவுக்கும் அது நல்லது. ஆனால் காற்றிடைவெளி இல்லாமல் சுவரில் ஒட்டினால் குளிருக்கு அதனால் பெரிய பயனில்லை. கடைக்காரர் சொல்வதை நம்பிக் கூரை முழுக்க ஒட்டிவிடாதே.

ஷெல் வாங்கும்போது பழையது கிடைத்தால் விட வேண்டாம். 2015 முதல் 2020 வரையான எஃப்-150இன் ஆறரை அடித் தொட்டிக்குச் செய்ததா என்று மட்டும் உறுதி செய்துகொள், ஐந்தரை அடிக்குச் செய்தது பொருந்தாது. பக்கச் சன்னல் முழுதாக மேலே தூக்கித் திறக்கும் ரகமாக இருந்தால் கொஞ்சம் அதிகமானாலும் கொடு. பின்வழியே தவழ்ந்து போகாமல் தலைமாட்டில் இருப்பதை வெளியே நின்றே எடுக்கலாம். உள்ளே கம்பளத்துணி ஒட்டிய கூரை இருந்தால் மோந்து பார். பூஞ்சை வாசம் வந்தால் அது போகாது.

தொட்டி விளிம்பில் ரப்பர் நுரைப் பட்டை ஒட்டி, மேலே ஷெல்லை வைத்து, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கவ்விகள். விளிம்பு வளையுமளவு முறுக்காதே. நூறு மைல் ஓடியதும் பட்டை அமுங்கி, கவ்விகள் தளர்ந்திருக்கும். திரும்ப இறுக்கு. இதைச் செய்யாமல் நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.

பிறகு தண்ணீர்ச் சோதனை. நீ உள்ளே டார்ச்சோடு உட்கார், வெளியிலிருந்து உன் மனைவி ரப்பர் குழாயால் பத்து நிமிடம் அடிக்கட்டும். கசிவு பெரும்பாலும் முன்மூலைகள் இரண்டிலும் டெயில்கேட்டின் (தொட்டியின் கீழ்நோக்கித் திறக்கும் பின்கதவு) பக்க இடுக்குகளிலும் வரும். டெயில்கேட்டைச் சுற்றி ஒட்ட அதற்கென்றே விற்கும் ரப்பர் பட்டை இருக்கிறது, வாங்கிவிடு. புழுதி நுழைவதும் அதே வழிதான். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும், கிளம்பும் புழுதியை அது உள்ளே உறிஞ்சும். மண்பாதையில் பின்பக்கத்தை முழுக்க அடைத்து, ஷெல்லின் முன்பக்கத்தில் ஒரு சிறு காற்றுவழி திறந்திருந்தால் உள்ளழுத்தம் கூடிப் புழுதி குறையும்.

உயிர் சம்பந்தப்பட்டவற்றை இப்போது சொல்கிறேன், உன் மனைவிக்கும் படித்துக் காட்டு.

உள்ளே அடுப்பு பற்றவைக்கவே கூடாது, ரசம் சூடு பண்ணக்கூட. கார்பன் மோனாக்சைடு மணக்காது, தூக்கத்தில் கொல்லும். யூஎல் 2034 (கார்பன் மோனாக்சைடு கருவிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) முத்திரையுள்ள எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் மாட்டு. ஆள் உள்ளே இருக்கும்போது என்ஜினை ஓடவிடாதே, ஓடும் வண்டியில் பின்னால் யாரும் படுக்கவும் வேண்டாம். புழுதியை உறிஞ்சும் அதே காற்று புகையையும் உள்ளே கொண்டுவரும். புரொபேன் உருளையைத் தொட்டிக்குள் வைத்துத் தூங்காதே. அது காற்றைவிடக் கனமானது. நீ இவ்வளவு பாடுபட்டு அடைத்த தொட்டியின் அடியில், நீங்கள் படுத்திருக்கும் மட்டத்திலேயே தேங்கும்.

இன்னொன்று பலர் யோசிக்காதது. ஷெல்லின் பின்கதவு வெளியிலிருந்து பூட்டும்படி செய்தது. உள்ளேயிருந்து திறக்க முடிகிறதா என்று கடையிலேயே, விளக்கில்லாமல், படுத்த நிலையில் செய்து பார். திருகு கைப்பிடியின் உள்கம்பிகளைக் கையால் இழுத்தால் விடுபடும் அமைப்பு வேண்டும். இல்லாவிட்டால் உள்கைப்பிடி போடச் சொல். கதவை மேலே தூக்கிய பிறகு எட்டி டெயில்கேட் கைப்பிடியை வெளியே இழுக்கலாம். கதவை உள்ளேயிருந்து இழுத்து மூட ஒரு கயிறு கட்டு, கதவைத் தாங்கும் வாயுத் தண்டுகள் அதை மேலேயே நிறுத்திவிடும்.

எடைக்கு, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு என்று இருக்கும். முழு டேங்க் எரிபொருள் அதில் ஏற்கெனவே கழிந்தது, ஓட்டுநர் கழியவில்லை. நீங்கள் இருவர் 320, ஷெல் 200, தரையும் மெத்தையும் 90, ஏழு கேலன் தண்ணீர் 58, ஃபிரிட்ஜும் உணவும் 70, மின்பெட்டி (தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) 30, அடுப்பு நாற்காலி வகையறா 80. கூட்டினால் 848. வண்டியில் வசதிகள் கூடக்கூடத் தாளிலுள்ள எண் குறையும், அதனால் உன் வண்டியின் தாளையே பார், விளம்பரத்தை நம்பாதே.

மின்சாரத்துக்கு இப்போதைக்கு அதிகம் மெனக்கெடாதே. இரண்டு இரவு தங்கும் பயணங்களுக்கு 500 வாட்-மணி மின்பெட்டி ஒன்று பின் இருக்கையில் போதும். ஓடும்போது வண்டியிலிருந்து ஏறும், நின்றதும் ஃபிரிட்ஜுக்குக் கொடுக்கும். பிற்பாடு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட விரும்பினால், 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டியின் மின்சாரத்தை இந்த பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) வழியாகத்தான் இணைக்க வேண்டும். இருபதடிக்கு 6 கேஜ் கம்பி, வண்டி பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ். உறைநிலைக்குக் கீழே அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். கலிஃபோர்னியாவின் சியரா மலையில் அக்டோபரிலேயே அந்தக் குளிர் வரும்.

அங்கேயுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகும் ஆசையை எழுதியிருந்தாய். அங்கே இரவில் வண்டிக்குள் உணவு வைக்கவே அனுமதியில்லை. பிக்கப்பின் பின்தொட்டியில் பகலிலும் கூடாது. புளியோதரை டப்பா, ஊறுகாய், பற்பசை, சோப்பு எல்லாம் முகாமிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். கரடிக்கு ஃபைபர்கிளாஸ் ஒரு தடையே இல்லை.

முதலில் ஷெல், கவ்வி, நுரைப்பலகை, மெத்தை, எச்சரிக்கைக் கருவி இவற்றை மட்டும் வாங்கி, வீட்டு வாசலிலேயே ஓர் இரவு இருவரும் படுத்துப் பாருங்கள். பிளைவுட்டை அதற்கடுத்த வாரம் அறுக்கலாம். ஷெல் வந்து இறங்கியதும் தரையிலிருந்து கூரைக்கு நடுவிலும் ஓரத்திலும் அளந்து எண்களை அனுப்பு. அதை வைத்து அலமாரித் தட்டின் இடத்தை வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்